சின்ன எஸ்யூவிக்குள் பெரிய பலம் எங்கிருந்து வருகிறது?

போன மாதம் மாமா மூன்று விளம்பரத் தாள்களோடு என் கார்ப் பட்டறைக்கு வந்தார். பினாங்கின் பெருநிலப் பக்கம், பிறையில் வீடு. மகளைக் கட்டிக்கொடுத்தது தீவின் மறுபக்கம், பாலிக் பூலாவில். ஒவ்வொரு ஞாயிறும் அத்தை, பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலம் தாண்டி, துன் சார்டோன் மலைச்சாலை ஏறி இறங்கிப் போய்வருவார். பழைய காடி ஓய்ந்துவிட்டது. இந்த முறை சின்ன எஸ்யூவி வாங்கலாம் என்று நினைப்பு.

"தம்பி, இந்த ஹோண்டா எச்ஆர்-வி ஒரே காடி. ஒன்னுல 121 குதிரை, இன்னொன்னுல 181 குதிரை. அறுபது குதிரைக்கு இவ்வளவு காசா? நான் என்ன ரேஸுக்கா போறேன்?"

இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர் மேல் தவறில்லை. விளம்பரத்தில் போடும் எண் எதை அளக்கிறது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. பலம் என்றால் வேகம், வேகம் என்றால் ரேஸ், ரேஸ் என்றால் பொறுப்பில்லாதவன் வேலை என்று ஒரு கணக்கு ஊரில் ஓடுகிறது. அந்தக் கணக்கை நம்பி, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலையில் மூச்சு வாங்கும் காடியை ஒன்பது வருடத் தவணையில் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மாமாவுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஸ்யூவி என்பது உருவத்தின் பெயர்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழைய காலத்து ஜீப்பு வகை வண்டிகளுக்கு அடியில் லாரியைப் போல ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். உடம்பைத் தனியாகச் செய்து அதன்மேல் ஏற்றிவைப்பார்கள். காட்டுக்கும் சேற்றுக்கும் அது ஏற்றது. நகரத்தில் ஓட்டினால் முதுகு வலிக்கும்.

இன்று நம் தாமான்களில் நிற்கும் சின்ன எஸ்யூவிகள் அந்தக் குடும்பம் இல்லை. சாதாரணக் காரின் அடித்தளத்தை எடுத்து, உடம்பை உயர்த்தி, சக்கரத்தைப் பெரிதாக்கி உருவானவை. இந்தப் பாதையைப் பிரபலமாக்கியதில் 1994-இல் வந்த டொயோட்டா ராவ்4-க்குப் பெரிய பங்கு உண்டு. நம் நாட்டில் 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50, 2021-இல் வந்த பெரோடுவா அத்திவா, 2022-இல் புதிய வடிவில் வந்த ஹோண்டா எச்ஆர்-வி எல்லாமே இந்த வகைதான். மூன்றிலும் எஞ்சின் முன்சக்கரங்களை மட்டுமே சுழற்றுகிறது.

எஸ்யூவி என்றாலே நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இழுக்கும் விதத்தில் இவை உங்கள் பழைய காரின் அண்ணன் தம்பிகள். உயரம் மட்டும்தான் கூடியிருக்கிறது.

தண்ணீர்மலைப் படியில் இரண்டு பேர்

பினாங்குக்காரர்களுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்து ஏறும் இருவரை நினைத்துப் பாருங்கள்.

முதலாமவர் தொடை பலம் உள்ளவர். ஒவ்வொரு படியிலும் காலை ஊன்றி ஒரே சீராக மேலே போகிறார். இரண்டாமவர் மெலிந்தவர். ஒரே உந்தில் அவ்வளவு பலம் கிடையாது, ஆனால் கால்களை வேகவேகமாக மாற்றி வைக்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் சந்நிதிக்குப் போய்ச் சேரலாம். முதலாமவர் நிதானமாக மூச்சு விடுகிறார். இரண்டாமவருக்கு நெஞ்சு படபடக்கிறது.

ஒவ்வொரு அடியிலும் கால் கொடுக்கும் உந்து இருக்கிறதே, எஞ்சினில் அதன் பெயர் முறுக்குவிசை. பட்டறையில் டார்க் என்போம். எஞ்சின் தன் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதன் அளவு அது. நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள்.

எவ்வளவு சீக்கிரம் மேலே போய்ச் சேருகிறார் என்பது குதிரைத்திறன். அதாவது, உந்தையும், அந்த உந்தை ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை கொடுக்கிறார் என்பதையும் பெருக்கி வரும் கணக்கு. எஞ்சினில் தடவை என்பது தண்டு நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று. மீட்டரில் இடது பக்க முள் காட்டுவது இதைத்தான்.

முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி ஏறக்குறைய 7,000-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். இந்த ஒரு வாய்ப்பாடு போதும். ஷோரூமில் யார் என்ன சொன்னாலும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இதுவரை பார்த்தது: முறுக்குவிசை ஓர் அடியின் பலம், குதிரைத்திறன் அந்தப் பலத்தை எவ்வளவு விரைவாகத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது என்பது.

விளம்பரத்தில் உள்ள எண் எங்கே பிறக்கிறது

மாமா காட்டிய தாளுக்கே வருவோம். டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, அதைப் பிறகு விளக்குகிறேன். எச்ஆர்-வியில் டர்போ இல்லாத எஞ்சின் 121 குதிரைத்திறன் தருகிறது. ஆனால் அது 6,600 சுற்றில். முறுக்குவிசை 145 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,300 சுற்றில்தான் உச்சம். டர்போ எஞ்சின் 181 குதிரைத்திறன், 6,000 சுற்றில். அதன் முறுக்குவிசை 240 நியூட்டன் மீட்டர், 1,700 சுற்றிலிருந்து 4,500 வரை அப்படியே நிற்கிறது.

நீங்கள் கடைசியாக எப்போது 6,600 சுற்றுக்கு முள்ளை ஏற்றினீர்கள்? மாமா தம் வாழ்நாளில் ஏற்றியதில்லை. அந்த இடத்தில் எஞ்சின் அலறும். அத்தை திட்டுவார். நாம் நாள் முழுக்க ஓட்டுவது 1,500-க்கும் 2,500-க்கும் இடையில். அதனால் 2,000 சுற்றில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

டர்போ: 240-ஐ 2,000-ஆல் பெருக்கி 7,000-ஆல் வகுத்தால் சுமார் 68 குதிரைத்திறன். டர்போ இல்லாதது: உச்சமான 145 முழுவதும் அந்தச் சுற்றிலேயே கிடைப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 41-தான். உண்மையில் அதற்கும் குறைவு.

இப்போது காடியை மலையில் ஏற்றுவோம். ஐந்து பேரும் பைகளுமாக மொத்தம் 1,700 கிலோ. நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் உயரும் சாலை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகவேண்டும். அவ்வளவு எடையை அந்த வேகத்தில் மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய 38 குதிரைத்திறன் தேவை. காற்றைக் கிழிக்க, டயர் உருள, ஏர்கோன் ஓட இன்னும் கொஞ்சம் வேண்டும்.

41-ஐ வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது. அதனால் கியர்பாக்ஸ் எஞ்சினை 4,000 சுற்றுக்குத் துரத்துகிறது. காடி ஏறிவிடும், நின்றுவிடாது. ஆனால் உள்ளே ஒரே சத்தம், முன்னால் போகும் லாரியைத் தாண்ட மிச்சம் ஒன்றும் கையில் இல்லை. 68 இருக்கும் எஞ்சினோ அதே ஏற்றத்தில் பாட்டியின் தூக்கத்தைக் கலைக்காமல் ஏறுகிறது.

மாமா கேட்ட அறுபது குதிரை ரேஸுக்கு இல்லை. மலையில் காடி பதறாமல் ஏறுவதற்கும், தாண்டும்போது எதிர்ப்பக்கத் தடத்தில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்கும்.

எடையையும் மறந்துவிடக்கூடாது. பால்குடம் எடுப்பவரின் கால்பலத்தை மட்டும் பார்த்தால் எப்படி? அவர் தம் உடம்பையும் சேர்த்துத்தானே தூக்குகிறார். அத்திவாவின் ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் 98 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் காடியின் எடை ஏறக்குறைய ஆயிரம் கிலோ. ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது சுறுசுறுப்பாகப் போகும். ஆளுக்கு 70 கிலோ என்று ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ, காடியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. தனியாக ஓட்டிப் பார்த்து வாங்கியவர் குடும்பத்தோடு போகும்போது வேறு காடி மாதிரி இருக்கிறது என்று வந்து நிற்பது இதனால்தான்.

டர்போ: வெளியே போகும் புகையை வேலை வாங்குவது

அடுப்பில் விறகு மட்டும் திணித்தால் எரியாது, ஊதாங்குழலால் ஊதவேண்டும். எஞ்சினும் அப்படித்தான். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது சுலபம், அதை எரிக்கக் காற்று வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றோடு நின்றுவிடுகிறது.

எரிந்து வெளியேறும் சூடான புகை வீணாகப் போகாமல் ஒரு சின்ன விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. இந்த இரட்டை விசிறிதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சின்ன எஞ்சினுக்குப் பெரிய எஞ்சினின் காற்றைக் கொடுப்பதால் அதன் பலமும் கிடைக்கிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. மலேசியாவில் பெட்ரோல் காடிக்குச் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துத்தான், பலத்தைப் பார்த்து இல்லை. 1,000 சி.சி.க்குள் இருந்தால் ஆண்டுக்கு 20 ரிங்கிட். எச்ஆர்-வியின் இரண்டு எஞ்சினும் 1.5 லிட்டர். 121 குதிரைக்கும் 181 குதிரைக்கும் ஒரே வரி.

டர்போவுக்குக் குறையும் உண்டு. புகை வேகமெடுத்த பிறகுதான் விசிறி சுழலும். காலை மிதித்ததற்கும் பலம் வருவதற்கும் நடுவே ஒரு நொடித் தயக்கம். புதிய எஞ்சின்களில் இது மிகவும் குறைந்துவிட்டது, முற்றிலும் போய்விடவில்லை.

இன்னொன்று, எண்ணெய். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். சர்வீஸைத் தள்ளிப்போட்ட காடி ஒன்றின் டர்போவைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். எண்ணெய் வரும் துளையில் தார் மாதிரி கறுப்பு. தண்டை விரலால் அசைத்தால் கடகடவென்று ஆடியது. புதுசாக இருந்தால் அசைவது விரலுக்குத் தெரிந்தும் தெரியாமல் இருக்கும். மாமாவைக் கூப்பிட்டு அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "எண்ணெய் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது போல," என்றார். கூடவே கூடாது.

கியர்பாக்ஸ் பற்றிக் கொஞ்சம்

எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகும் வழி கியர்பாக்ஸ். இந்த வகைக் காடிகளில் இரண்டு விதம் அதிகம். சிவிடி என்பது இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் பட்டை. கப்பிகள் விரிந்து சுருங்குவதால் படியே இல்லாமல் கியர் மாறும். ஜாமில் குலுக்காது, மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். கிளட்ச் என்பது எஞ்சினைக் கியரோடு இணைத்துப் பிரிக்கும் பாகம். இரட்டை கிளட்ச் என்பது ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு கிளட்ச் வைத்தது. ஓடும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும், பாலத்து ஜாமில் அங்குலம் அங்குலமாக நகரும்போது சிலவற்றில் லேசான உதறல் தெரியும். உங்கள் நாள் எங்கே கழிகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

மறுபடியும் தைப்பூசத்துக்கு வருகிறேன். மயிலிறகு வைத்த உயரமான காவடியைச் சுமப்பவர் திரும்பும்போது பார்த்திருப்பீர்கள். உடம்பு திரும்பிய பிறகும் மேல்பாகம் வெளிப்பக்கம் சாயும், அவர் இடுப்பால் அதை இழுத்துப் பிடிப்பார். பால்குடம் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாக நினைத்தால் அந்தப் புள்ளி ஈர்ப்பு மையம். அது தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, வளைவில் அவ்வளவு சாய்வு. எஸ்யூவியில் இது சாதாரணக் காரைவிட மேலே. துன் சார்டோனில் இறங்கும் வளைவுகளில் அதே வேகத்தில் போனால் எஸ்யூவியில் உட்கார்ந்தவர்தான் கதவுப் பக்கம் அதிகம் தள்ளப்படுவார். பின்சீட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுப்பதில் இதற்கும் பங்குண்டு.

உண்மையான வேக எஸ்யூவிகள் இந்த இடத்தில்தான் காசைக் கொட்டுகின்றன. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிஎல்ஏ 35 மாதிரியான ஒன்றில் 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்துக்கும் பலம். ஸ்பிரிங் இறுக்கம், டயர் அகலம், பிரேக் பெரிது. வளைவில் சாய்வு குறைகிறது. பதிலுக்குக் குழி ஒவ்வொன்றும் இடுப்புக்குத் தெரியும். உயரமும் வேண்டும், மெத்தை மாதிரியும் இருக்கவேண்டும், வளைவில் சாயவும் கூடாது என்றால் மூன்றும் ஒரே காடியில் முழுதாகக் கிடைக்காது. ஒன்றில் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

பிரேக்கும் டயரும் ஏன் முக்கியம் என்றால், வேகம் கூடும்போது காடியில் சேரும் ஆற்றல் அதே விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80-இல் போவதைவிட 110-இல் போகும்போது நிறுத்தவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்கு. பலமான எஞ்சினுக்குக் காசு கொடுத்துவிட்டு மலிவு டயர் தேடுபவர்களை நான் வாசலிலேயே நிறுத்திப் பேசுவேன்.

சுருக்கமாக: உயரம் தரும் வசதிக்கு வளைவில் விலை கொடுக்கிறோம். அந்த விலையைக் குறைப்பது ஸ்பிரிங், டயர், பிரேக், ஓட்டுபவரின் நிதானம்.

உயரமான காடி வெள்ளத்தில் போகுமா

இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு "எஸ்யூவி வாங்கிட்டா தண்ணீல போயிடலாம்" என்று சொல்பவர்கள் கூடிவிட்டார்கள்.

காடியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள தூரம் தரை இடைவெளி. சின்ன எஸ்யூவிகளில் இது ஏறக்குறைய ஒரு சாண். வேகத்தடையில் உரசாமல் இருக்க அது உதவும். ஆனால் தண்ணீரில் காடியைக் காப்பாற்றுவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான். அது பெரும்பாலும் முகப்பு விளக்கின் பக்கத்தில் இருக்கும். நீங்கள் தண்ணீரில் போகும்போது முன்னால் ஓர் அலை எழும், எதிரே வரும் லாரி இன்னொன்றை எழுப்பும். இரண்டும் சேர்ந்தால் வாய் மூழ்கிவிடும்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் மேலே வரும் பிஸ்டன் பாறையில் மோதியது போல நிற்கும். அதைத் தள்ளும் இரும்புக் கம்பி வளைந்துவிடும். அப்படி வளைந்த ஒன்றைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்திருக்கிறேன். அகப்பைக் காம்பு மாதிரி வளைந்திருக்கும். எஞ்சினே மாற்றவேண்டி வந்தது. அந்தக் காடிக்கார அண்ணன் காப்புறுதியில் வெள்ளத்துக்கான ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்கவில்லை. சாதாரணக் காப்புறுதியில் அது தானாக வராது, தனியாகக் கட்டவேண்டும். செலவு முழுவதும் அவர் கைக்காசு.

தண்ணீரில் நின்றுபோன காடியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பாட்டியும் டுரியானும்

அன்றாட வசதி என்றால் பின்பெட்டி எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள். நான் பார்ப்பது முதலில் சீட்டின் உயரத்தை. முழங்கால் வலி உள்ளவருக்குத் தாழ்ந்த காரில் உட்கார்வது குந்துவதற்குச் சமம். எழுந்திருப்பது அதைவிடக் கொடுமை. பெரிய ஃபோர் வீலில் ஏறுவது படி ஏறுவது மாதிரி. சின்ன எஸ்யூவியின் சீட்டு நின்றிருப்பவரின் இடுப்பு உயரத்துக்குக் கிட்டே இருக்கும். திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் முடிந்தது. இந்த வகை இவ்வளவு விற்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

பின்சீட்டு மடங்கும் விதத்தையும் பாருங்கள். எச்ஆர்-வியில் பெட்ரோல் தொட்டி முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் பின்சீட்டின் அடிப்பலகையை மேலே தூக்கி நிறுத்தலாம். வாசலில் கட்ட வாங்கும் வாழைக்கன்றையோ, ஆளுயரக் குத்துவிளக்கின் அடிப்பாகத்தையோ நிமிர்த்தியே வைக்கலாம்.

ஒரு குறை: எஸ்யூவியில் பின்பெட்டிக்கும் நமக்கும் நடுவே சுவர் கிடையாது. பாலிக் பூலாவில் டுரியான் பருவம் வந்தால் இதன் பொருள் விளங்கும். பழைய காரில் பழம் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும். இதில் வீடு சேரும்வரை எல்லாருக்கும் பங்கு, மறுநாள் காலையிலும்.

மின்சாரக் காடிகள் பற்றி மாமா கடைசியில் கேட்டார். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடும். 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7-இல் 320 நியூட்டன் மீட்டர். மலையில் சத்தமே இல்லாமல் ஏறும். மின்கலத்தின் எடை காடியைக் கனமாக்குகிறது, ஆனால் அது தரையோடு ஒட்டி இருப்பதால் ஈர்ப்பு மையம் கீழே இறங்குகிறது. வீட்டு வாசலில் சார்ஜர் வைக்க வழி உண்டா என்பதுதான் முதல் கேள்வி. மாமா இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஓட்டிப் பார்க்கப் போன நாள்

ஷோரூம்காரர் கூட்டிப்போகும் வழி தட்டையான நேர்சாலையாக இருக்கும். அதில் எல்லாக் காடியும் நன்றாகத்தான் ஓடும். மாமாவிடம் சொன்னேன்: அத்தையையும் பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றுங்கள், ஏர்கோனைக் கூட்டி வையுங்கள், ஏற்றம் உள்ள சாலை கேளுங்கள். ஏறும்போது வேகமானியைப் பார்க்காதீர்கள், இடது முள்ளைப் பாருங்கள். 2,500-க்குள் நின்று ஏறுகிறதா, 4,000-க்கு ஓடுகிறதா? இறங்கும்போது பாட்டியின் கை மேலே உள்ள பிடியைத் தேடுகிறதா?

மாமா இரண்டு எஞ்சினையும் அப்படியே ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை, டர்போவில், ஏற்றத்தின் நடுவில் முள் 2,200-இல் நின்றது. பின்சீட்டில் பாட்டி, தண்ணீர்மலைக்கு நேர்ந்துகொண்ட பால்குடத்தை எந்தத் தைப்பூசத்தில் செலுத்துவது என்று அத்தையிடம் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் இருந்த மாமாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டதாம்.